தனி வாளி

அந்தியூர்ச் சந்தையில் வாங்கியவள்
குட்டியானை வண்டியில் மலையேறினாள்.
யானை மேல் குதிரை.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
கால் மாற்றி மாற்றி நின்றவள்
ஏற்காடு வந்ததும் ஒரு முறை இருமினாள்.
குளிர் என்றேன் நான்.
தூசி என்றான் டிரைவர்.

கால்நடை டாக்டர் தமயந்தி
தாடைக்கு அடியில் விரல் வைத்து
பேரிக்காய் பழுத்ததா என்பதுபோல் அழுத்திப் பார்த்தார்.
"ஏரிக்கரைக்குக் கொண்டுபோனீங்களா?"
இல்லை.
"போகாதீங்க."
முதல் நாள் மருந்து அவ்வளவுதான்.

நாகலூர் ரோட்டில் காப்பித் தோட்டத்துக்குள்
சும்மா கிடந்த ஒரு கொட்டகை.
செபஸ்தியான் வாடகை வேண்டாம் என்றான்,
சாணம் போதுமாம்.
அதையும் கொடுக்கக் கூடாதாம்.
வாடகையே கொடுத்தேன்.

அவளுக்கென்று ஒரு வாளி, சிவப்பு.
ஒரு துண்டு, ஒரு சீப்பு, ஒரு கடிவாளம்.
எனக்கு ஒரு சட்டை, அங்கேயே ஆணியில்.
வாசலில் பிளீச்சிங் பவுடரில் நனைத்த சாக்கு.
ஏரிக்கரை ஏழுக்கும் தீனி வைத்துவிட்டு
கடைசியில்தான் அவளிடம் போகணும்,
மாறிப் போனால் நானே சுமந்து போவேன்.
நோய்க்குக் கால் கிடையாது,
இரவல் வாங்கும்.

இத்தனை வருஷம்
ஒரே துண்டால் ஏழு மூக்கையும் துடைத்தவன்.
பாசம் என்று நினைத்திருந்தேன்.

ஆறாம் நாள் காய்ச்சல்.
பத்தாம் நாள் தாடைக்கட்டி உடைந்தது.
நாற்றமும் நிம்மதியும் சேர்ந்தே வந்தன.
வைக்கோலைக் கொளுத்தினேன், ஈரம், பிடிக்கவில்லை,
கிழித்த தீப்பெட்டியே காலி.

பிள்ளையார் சதுர்த்தி திங்களில் வந்தது.
சனியிலிருந்தே அடிவாரம் வரை கார்கள்.
ஒரு சுற்றுக்கு நூற்றைம்பது.
முனிரத்தினம் போன் செய்தான்:
"சளி நின்னுடுச்சில்ல,
மூக்கைத் துடைச்சிட்டுக் கூட்டி வா,
யாருக்குத் தெரியும்?"
யாருக்கும் தெரியாதுதான்.
என் ஏழுக்கும் அவன் நாலுக்கும்
ஒரே தண்ணீர்த் தொட்டி.
போனை அணைத்துவிட்டுக்
கொட்டகைக்கு நடந்தேன்.

பனிமூட்டத்தில் எங்கோ ஒரு லாடச் சத்தம்.
காது இரண்டையும் அந்தப் பக்கம் திருப்பிக்
கனைத்தாள்.
பதில் வரவில்லை.
பழைய சட்டையோடு வாசலில்
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகுதான் மாற்றினேன்.

மூக்கில் எடுத்த பஞ்சு நாமக்கல் போனது,
பஸ்ஸில், ஐஸ் பெட்டியில், என் மடிமேல்.
இருக்கிறது என்றார்கள்.
அடுத்து இல்லை.
இல்லை.
இல்லை.
ஒரு சொல்லுக்கு இவ்வளவு செலவழித்தவன்
இந்த மலையில் வேறு யார்?

புரட்டாசி மழை விட்ட காலை
ஏரிக்கரைக்கு அவளைப் பிடித்து வந்தேன்.
என் கிழட்டுச் சில்லறை முன்னால் வந்து
மூக்கை நீட்டியது.
வெடுக்கென்று கயிற்றை இழுத்தது என் கை.
பழகிவிட்டது.
பிறகு விட்டேன்.
இரண்டு மூச்சும் குளிரில்
ஒரே புகையாய் எழும்பின.

"பேர் என்னடா இவளுக்கு?" என்றான் முனிரத்தினம்.
அப்போதுதான் உறைத்தது,
இத்தனை நாளும்
வாளிக்கு மட்டும்தான் பேர் எழுதியிருந்தேன்:
தொடாதே.