இடப்பக்கம் இழுப்பது

வாங்கும்போது டயர்கள் இல்லை.
செம்மறிக் கொட்டகை மூலையில்
உரச் சாக்குகளுக்கு அடியில் கிடந்தது
வில்லிஸ் ஜீப், நாற்பத்தாறாம் வருடத்தது.
விற்றவன் சொன்னான்:
"கொட்டகையைத்தான் வாங்கினேன். இது உள்ளே இருந்தது."
அவனுக்குத் தெரிந்த சரித்திரம் அவ்வளவுதான்.

ஐஸ்லாந்தில் அந்த நாளில்
எண் பலகை வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம்.
மாவட்டம் மாறினால் எழுத்து மாறும்.
சிறிய எண் வாய்த்தவன்
எண்ணை மகனுக்கு விட்டுவிட்டு
வண்டியை விற்பான்.
எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால்
ஒரு குடும்பத்தின் ஏழு கார்கள் வரும்,
என் ஜீப் வராது.

ஆகவே உப்புத்தாளை எடுத்தேன்.

மேலே வெள்ளை, தூரிகை மயிர்கள் ஒட்டிய வெள்ளை.
அதன் கீழ் ஆரஞ்சு.
அதன் கீழ் வீட்டுக் கூரைக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு.
பிறகு ஒரு பச்சை.
எல்லாவற்றுக்கும் அடியில், கம்பெனியிலிருந்து வந்த நீலம்,
கட்டைவிரல் நகம் அளவுக்கு.

ஆரஞ்சு, மலை மீட்புக் குழுவினுடையது.
கணக்கர் ஸ்னைபியோர்ன் ரசீதே வைத்திருந்தார்:
ஜீப் ஒன்று, கயிறு இரண்டு, பிராந்தி ஒரு புட்டி.
பிராந்தியை மட்டும் யாரோ அடித்திருந்தார்கள்.
சிவப்பு, மருத்துவச்சி ஹால்பெராவுடையது.
பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் பிறந்தன என்றாள் மகள்;
ஒருவன் இப்போது வங்கியில்
கடன் இல்லை என்று சொல்லும் வேலையில் இருக்கிறான்.
நீலம், பாதிரியார் எய்யோல்வூர் வாங்கியது.
ஜீப் பங்கிடும் குழுவுக்கு மூன்று முறை மனுப் போட்டாராம்.
மூன்றாவதில் ஒரே வரி:
"என் ஆன்மாக்கள் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கின்றன."

பச்சையை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.
"அம்மா காசைக் கொடுத்தாள், பெயர் கேட்கவில்லை" என்றாள் மகள்.
"அன்றைக்கே சிவப்பு அடித்துவிட்டாள்.
அந்தப் பச்சை கடைத்தெருவில் நின்றால்
ஆட்கள் பேச்சை நிறுத்திவிடுவார்களாம்."

சேஸிஸ் சட்டத்தைத் துளைத்தபோது
மண் கொட்டியது.
சாலை மண் அல்ல. கறுத்து, மாவுபோல்,
பனியாறு அரைத்த வண்டல்.
இரண்டு கைப்பிடி இருந்தது.
காபி டின்னில் போட்டு மூடினேன். ஏன் என்று தெரியவில்லை.

நூலகத்தில் அறுபத்தேழாம் வருடத்துப் பழைய தாளில்
நான்கு வரிச் செய்தி.
அண்ணன் தம்பி இருவர் ஆற்றைக் கடந்தார்கள்,
ஒருவர் கரையேறினார்.
வண்டியைப் பற்றி, "ஒரு வண்டி."

வெர்முண்டுர் இப்போது ஹூசாவிக்கில், முதியோர் இல்லத்தில்.
போனில் குரல் தெளிவாக இருந்தது.
"எங்களிடம் ஜீப் இருந்ததே இல்லை."
மன்னியுங்கள் என்றேன்.
அவர் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.
அந்தப் பக்கம் ரேடியோ கடல் வானிலை வாசித்தது:
வடகிழக்குக் காற்று, நொடிக்குப் பதினெட்டு மீட்டர்.
பிறகு கேட்டார்:
"இன்னும் இடப்பக்கம் இழுக்கிறதா?"
நான் வாய் திறப்பதற்குள்
வைத்துவிட்டார்.

இழுக்கிறது.
அறுபத்தெட்டு மே மாதம் வரை
நாங்கள் இடப்பக்கம்தான் ஓட்டினோம்.
இழுத்தால் சாலையோரப் பாசிக்குப் போகும், அவ்வளவுதான்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை
தீவு முழுக்க வலப்பக்கம் மாறியது.
ஜீப்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
இப்போது இழுத்தால், எதிரே வருகிறவன் மேல்.

பதிவு அலுவலகப் படிவத்தில்
முந்தைய உரிமையாளர்களுக்கு ஆறு கட்டங்கள்.
இரண்டாவதில் "பச்சை" என்று எழுதினேன்.
அலுவலகப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.
"தகப்பன் பெயர்?"
"தெரியாது" என்றேன். முத்திரை குத்தினாள்.

வெள்ளை யாருடையது என்று
இதுவரை தெரியவில்லை. அதைத் தேடவும் இல்லை.
மெக்கானிக் சொல்கிறான்,
அரை மணி நேர வேலை, முன் அச்சை நேராக்கிவிடலாம்.
அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறேன்,
போன வாரமும் சொன்னது போல.
வீடு வரை நாற்பது கிலோமீட்டர்
ஸ்டியரிங்கை வலப்பக்கம் கொஞ்சம் பிடித்தபடியே வருகிறேன்.
தோள் வலிக்கிறது.