வெற்று வலை

மூன்று மில்லிமீட்டர் செம்பு வலை.
இடுக்கியால் எடுத்து நீட்ட வேண்டும்.
சுடருக்குள் போய் வெளியே வர
ஐம்பது மில்லிநொடி,
அதற்குள் கரி ஒட்டிக்கொள்ளும்.
நான் இமைத்து முடிக்க அதைவிட நேரமாகும்.

எண்ணெய் புன்னையுடையது.
உவரியில் மூட்டை நானூறு ரூபாய்க்கு வாங்கிய கொட்டை,
செக்கில் ஆட்டி, மெத்தனாலில் கலக்கி
கிளிசரினைக் கீழே இறக்கியது.
டீசலைவிடப் புகை குறைவு.
எவ்வளவு குறைவு என்று சொல்லத்தான்
எனக்கு மூன்று வருட உதவித்தொகை,
அதில் ஏழு மாதம் இன்னும் வரவில்லை.

அபிஷேகப்பட்டி, இரவு பத்தரை.
ஆடிக்காற்று ஜன்னல் கொக்கியை ஆட்டிக்கொண்டே இருக்கிறது.
சேர்மக்கனி அண்ணன் பம்பை ஓடவிட்டு
வெற்றிடம் ஏறக் காத்திருக்கிறார்,
"கரண்டு மட்டும் நிக்கட்டும் தாயி."

திரையில் கரி:
குளத்தங்கரைக் கோரையில் சுற்றிய
தேரைமுட்டைச் சரம் மாதிரி.
ஒவ்வொரு மணியும் இருபது, இருபத்திரண்டு நானோமீட்டர்.
இன்னும் பெரிதாக்கினால் உள்ளே அடுக்கடுக்காய் வரிகள்.
டீசல் கரியில் நீளமாய்ச் சுற்றுபவை
புன்னையில் வளைந்து, அறுந்து,
பேச வந்ததைப் பாதியில் விட்டவை போல.

நான்காவது வலை சுடரையே பார்க்காதது.
ஒன்றும் இருக்கக் கூடாது, அதுதான் அதன் வேலை.
அதிலும் ஒரு சரம்.

"யாரு வீட்டுப் பொகையோ" என்கிறார் அண்ணன்.
நிறமாலையில் கரி, வலையின் செம்பு,
ஓரத்தில் சின்ன மேடாய்ப் பொட்டாசியம்.
விறகு.

செவ்வாய்க்கிழமை
பிரமநாயகம் அண்ணாச்சி போய்விட்டார் என்று
போன் வந்ததும் எல்லோரும் ஓடினோம்.
இந்த பர்னரின் மூக்கை
லேத்தில் ஏழு தடவை கடைந்து கொடுத்தவர்.
டப்பாவுக்கு மூடி போடவில்லை யாரும்.
மாலையில் சிந்துபூந்துறையில் விறகு அடுக்கினார்கள்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன்.
ஆடியில் காற்று மேற்கிலிருந்து.
சிந்துபூந்துறை எங்களுக்குக் கிழக்கே.
வந்திருக்க வழியில்லை.
செங்கல் சூளையாக இருக்கும்,
டீக்கடையாக இருக்கும்,
யாரோ வெந்நீர் போட்டிருப்பார்கள்.

பதிவேட்டில் எழுதினேன்:
வலை நான்கு, மாசு. மூலம் விறகு.
கணக்கில் கழிக்கவும்.

அண்ணன் கொட்டாவி விடுகிறார்.
"எடுத்துரட்டுமா?"

இன்னும் ஒரு படம் அண்ணே,
இரண்டு லட்சம் மடங்கில்.