கலங்கல்

வேலந்தாவளம் தாண்டி நாலாவது தென்னந்தோப்பு.
வில்லேஜ் ஆபீஸ் ஏட்டில் என் அணைக்கு
வரம்பு என்றுதான் பெயர்.
இருநூற்றுப் பத்தடி நீளம், இரண்டாள் உயரம்,
ஜேசிபிக்காரனுக்கு இன்னும் எண்பதாயிரம் பாக்கி.

ஐப்பசி மழை, மூன்றாம் ராத்திரி.
டார்ச்சோடு கரையின் பின்சரிவில் நிற்கிறேன்.
நண்டு வளையிலிருந்து
விரல் தடிமனில் தண்ணீர்.
தெளிந்து வந்தால் வெறும் கசிவு,
தூங்கப் போகலாம்.
உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்க்கிறேன்:
டீ நிறம்.

கீழ்த்தோட்டத்தில் ராயப்பன்
பிள்ளைகளோடு படுத்திருப்பான்.
"என் தண்ணியை மறிச்சுட்டா" என்று
சித்தூர் தாலுகா ஆபீசில் மூன்று மனு போட்டவன்.
அவன் நம்பரை போனில் அடைத்து வைத்து
இரண்டு வருஷம் ஆகிறது.
மழை வழியும் கண்ணாடியில்
அடைத்ததை எப்படித் திறப்பதென்று தெரியாமல்
எதையெதையோ அழுத்தித் திறந்தேன்.

"மயிலாத்தா பேசறேன். எல்லாரும் மேட்டுக்கு ஏறுங்க."
அந்தப் பக்கம் ஆடு கத்தியது.
அவன் பேசவில்லை.

பிறகு தெற்கோரம், பாறை மேல்,
கடப்பாரை போட்டு கலங்கலை நானே வெட்டினேன்.
மூன்று முழம்.
தை மாதத் தக்காளி, மாசி மாதத் தென்னை
எல்லாம் அந்த வாய் வழியே
அவன் வாய்க்காலுக்குப் போனது,
மனுவில் கேட்டிருந்தபடியே.

விடிந்ததும் வந்தான்,
தோளில் காலி சிமெண்ட் சாக்குகள்.
வளைக்குள் முழங்கை வரை விட்டு
ஒரு நண்டை இழுத்து
என் காலடியில் போட்டான்.
"மனுவை வாபஸ் வாங்கமாட்டேன்" என்றான்,
களிமண்ணை மிதிக்கத் தொடங்கி.