மிச்சக் காசு

இரவு ஒன்றே முக்கால். நூற்றியிரண்டு தசம் நாலு.
பனடோல் இரண்டு, கரைத்து.
மகளின் பழைய கணக்குக் கொப்பியில்
பின்பக்கத்திலிருந்து எழுதி வருகிறேன்;
முன்பக்கம் இன்னும் அவளுடைய பெருக்கல்கள்.

நடுங்கினால் போர்த்துங்க, விட்டதும் எடுங்க.
ஈரத்துணி இளஞ்சூடாய் இருக்கட்டும், ஐஸ் வேணாம்,
குளிரக் குளிர உடம்பு இன்னும் அடுப்பு மூட்டும்
என்று ஸப்னா மிஸ்ஸி சொன்னா.
சிலவேளை கிருமியே இராதாம். கட்டியே காயுமாம்.

மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் மறுகா ஊசி ஏற்றுவமா
என்று போன மாதம் கேட்டபோது
அவர் வேண்டாமென்று தலையசைத்தார்.
நான் சுவரைப் பார்த்தேன்.
அது கொப்பியில் இல்லை.

இரண்டு மணிக்கு பஸ் வெளிக்கிட்டது.
கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா
முப்பத்தொரு வருசம் மிதிபலகையில் தொங்கிய குரல்,
நாலு நாளாய்த் தண்ணி கேட்கவும் எழும்பாத குரல்.
'உள்ளுக்குப் போங்க, நடுவில இடமிரிக்கி!'
யாரை அனுப்புகிறாரோ.
கட்டிலைச் சுற்றி நானும் நுளம்புவலையும்தான்.

கையை நீட்டினார். 'எங்க?'

வீட்டில இருக்கிறீங்க, நான் யோகமலர்
என்று மெதுவாய்ச் சொல்லவேணும். அப்படித்தான் பழக்கித் தந்தது.
'களுதாவளை ஒண்டு' என்றேன்.

'சில்லறை இல்லையா?' அதே எரிச்சல்.
காதிடுக்கிலிருந்து இல்லாத பேனையை எடுத்து
டிக்கட்டின் பின்னால் மிச்சத்தை எழுதினார்,
என் உள்ளங்கையில்.
நகம் சுட்டது.
'இறங்கக்குள்ள கேளுங்க.'

குருக்கள்மடம் தாண்டி செட்டிபாளையம் வர
மேலுதட்டில் முதல் வேர்வை.
பிறகு கழுத்து, பிறகு தலையணை முழுக்க.
களுதாவளை வந்தது, கூப்பிட்டார்.
பிள்ளையார் கோயிலடியில் இறங்குகிறவர்கள் இறங்கட்டும்.
நான் எழும்பவில்லை.
களுவாஞ்சிகுடி. ஓந்தாச்சிமடம்.
டிக்கட் இல்லாத தூரம்; அவரும் பிடிக்கவில்லை.
கல்லாற்றுப் பாலத்துக்கு இங்கால் எங்கோ
குரல் தேய்ந்து, குறட்டையாய் மாறிற்று.

ஐந்து பத்து. தொண்ணூற்றொன்பது தசம் எட்டு.
சாரன் மாற்றினது. விரிப்பு மாற்றினது.
இளநீர் மூன்று கரண்டி, ஒன்று வழிந்தது.
மிச்சம் இன்னும் வாங்கவில்லை.
அடுத்த பனடோல் ஏழே முக்காலுக்கு.