நாற்பத்தேழாவது தட்டு

ஜனவரிக் காய்ச்சல் போகும்போது
மிர்ட்ஸாவின் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.
மூக்கு முகத்தில்தான் இருக்கிறது,
வேலைக்குத்தான் வருவதில்லை.

டௌகவா ஆறு உறைந்து கிடந்த அந்த வாரம்
கறுப்பு ரொட்டியைக் கடித்துவிட்டுச் சொன்னாள்: "அட்டை."
காபியைக் குடித்துவிட்டு: "சுடுதண்ணீர்."
என் சட்டைக் கழுத்தில் முகம் புதைத்தாள் ஒருமுறை,
அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

"வரலாம். வராமலும் போகலாம்,"
என்றார் மருத்துவர்.
பனிநாளில் ஏழாம் எண் டிராமைப் பற்றி
விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து
அவள் ரீகாவுக்கே சொல்லும் பதில் அது.

நான் பள்ளிக்கூடக் கொதிகலன் பார்ப்பவன்.
ஒரு குழாய் அடைத்தால் இன்னொன்றைத் திறப்பேன்.
நாக்கு இருக்கிறது, பல் இருக்கிறது,
கன்னத்தின் உட்சுவர் இருக்கிறது,
ஏன், காதுகூட இருக்கிறதே.

முதல் தட்டு:
உப்பிட்ட ஹெர்ரிங் மீன், மேலே கிரான்பெர்ரி ஜாம்.
"ஈரம்," என்றாள்.
இன்னும்?
"குளிர்ந்த ஈரம்."
பழைய டிராம் அட்டவணையின் முதுகில்
எழுதி வைத்தேன்.

ஏழு: பீட்ரூட்டில் காபித்தூள். மணல்.
பதினொன்று: வெண்ணெய்ப் பட்டாணியின்மேல்
வாயில் வெடிக்கிற மிட்டாய்.
அன்று முழுக்கக் காதால் சாப்பிட்டாள்.
பத்தொன்பது: வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீரை உறையவைத்து
கொதிக்கும் கஞ்சிமேல் துருவினேன்.
பல் கூசியது.
கூசியதற்கு நன்றி சொன்னாள்.
இருபத்திரண்டை எழுத மாட்டேன்,
அந்தப் பூண்டும் சாக்லேட்டும் எங்களோடு போகட்டும்.
முப்பது: ஐஸ்கிரீமில் குதிரைமுள்ளங்கி.
கண் நிறைந்து வழிந்தது.
அழுகிறாயா?
"உறைப்பு."
கொஞ்சநேரம் கழித்து,
"அதுவும்தான்."

கீழ்வீட்டுத் தாலிவல்திஸ்
படியேறி வந்து கதவைத் தட்டுவான்:
"எலி எதுவும் செத்துக் கிடக்கிறதா உங்கள் வீட்டில்?"
"முப்பத்தாறு," என்பேன் நான்.
பாவம், மூக்குள்ளவனுக்குத்தான் எல்லாத் தண்டனையும்.

என் நாக்கும் செத்துக்கொண்டுதான் இருந்தது.
கொதிகலன் அறையில் ஒளிந்துகொண்டு
வெறும் பாலாடைக்கட்டி தின்றேன்,
கள்ளக்காதலியைப் பார்க்கப் போனவன் மாதிரி.
வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.
யாருக்கு மணக்கப்போகிறது என்று
பாதி வழியில்தான் உறைத்தது.

ஜூன் வந்தது. ஜன்னல்களைத் திறந்தோம்.
நாற்பத்தேழு:
புகையூட்டிய குட்டி மீன், ஸ்ட்ராபெர்ரி,
நுணுக்கிய மிளகு, இரண்டு சொட்டு பிர்ச் மரச்சாறு.
முள்கரண்டியைத் தூக்கியவள்
பாதியில் நிறுத்தினாள்.
மூக்கைச் சுளித்தாள்.

"சதகுப்பை அதிகம்."

ஐந்து மாதத்தில் என் சமையலுக்கு
அவள் சொன்ன முதல் குறை.
எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது.
ஆனால் ஒரு சிக்கல்,
நான் சதகுப்பை போடவே இல்லை.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தோம்.
கீழே தாலிவல்திஸின் ஜன்னலிலிருந்து ஆவி.
புதுக் கிழங்கு, வெண்ணெய், உப்பு,
ஒரு பிடி சதகுப்பை.
இந்த ஊரில் எவனும் தூக்கத்திலேயே செய்து முடிக்கிற சமையல்.

நாற்பத்தேழு தட்டு!
விரல் வெந்திருக்கிறது, பாத்திரம் கருகியிருக்கிறது,
கடைசியில் கதவைத் திறந்தது
யோசனையே இல்லாத ஒரு கிழங்கு.
பொறாமை என்ன நிறம் என்று கேட்டால்
அன்றைக்கு எனக்கு இளம்பச்சை.

மிர்ட்ஸா தட்டை என் கையில் கொடுத்துவிட்டு
செருப்பில்லாமல் இறங்கினாள்.
கதவு திறந்ததும் "வா" என்று அவன் சொல்லுமுன்
அடுப்படிக்கே போய்விட்டாள்.
மூடியைத் தூக்கி
ஆவிக்குள் முகத்தை வைத்தாள்.
வைத்த முகத்தை எடுக்கவில்லை.

வாசலில் நாங்கள் இருவர்.
என்ன பேசுவது என்று தெரியாமல்
தட்டை நீட்டினேன்.
சந்தேகமாக முகர்ந்தான்.
ஒரு மீனை ஸ்ட்ராபெர்ரியோடு சேர்த்து வாயில் போட்டான்.
மென்றான்.
உள்ளே அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எலி இல்லை," என்றான்.
இன்னொன்று எடுத்தான்.