முதுகுள்ள நாற்காலி

வெளிநாட்டு வழிகாட்டி நூற்று நாற்பது பக்கம்.
பதினேழாவதில் சொல்கிறது:
அளக்குமுன் ஐந்து நிமிடம், சத்தமில்லாத அறையில்
முதுகு சாய்த்து உட்கார வைக்கவும்.

நம்முடையது ஒரே தாள்.
செக்கானூரணி ஆஸ்பத்திரிச் சுவரில்
மழை ஒழுகி
இரண்டாம் மாத்திரையின் பெயர் கரைந்துவிட்டது.
யார் எழுதியது, எதை வைத்து எழுதியது,
மழைக்கு முன்பும் அதில் இருந்ததில்லை.

ஒச்சம்மா உசிலம்பட்டி பஸ்ஸில் நின்றே வந்தவர்.
பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறேன்.
தேனி ரோட்டில் லாரி ஆரன் அடிக்க
பாதரசம் நூற்றெண்பதில் துள்ளுகிறது.
"இது எனக்கா, லாரிக்கா?"

இருக்கும் ஒரே முதுகுள்ள நாற்காலியில்
மருந்தாளுநர் தியாகுவின் சோற்றுப்பை.
எடுத்துக் கீழே வைத்தேன்.
ஜன்னலைச் சாத்தினேன்.
உட்காருங்க, பேசாதீங்க என்றேன்.
வரிசை முணுமுணுத்தது:
"அந்தம்மாவுக்கு மட்டும் என்ன சீராட்டு?"
ஒச்சம்மா கண்ணை மூடிக்கொண்டார்,
காதுகுத்து வீட்டில் மொய் எழுதி முடித்தவர் போல.

ஐந்து நிமிடம்.
நூற்று நாற்பத்தெட்டு.
ரெட்டை மாத்திரை எழுத எடுத்த பேனா
நின்றது.

போன மாதம் ரெட்டை எழுதிய பெயர்கள்
நோட்டில் இருக்கின்றன.
எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று.
யாரையும் உட்கார வைக்கவில்லை.

"அடுத்தது" என்று கூப்பிட்டேன்.
சோற்றுப்பையைத் தேடிக்கொண்டு தியாகு வந்தார்.