பிரித்து எழுதுக

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை.
மேசைமேல் கவிழ்த்த நாற்காலிகளில்
ஆறு மட்டும் இறக்கி
உட்கார்ந்திருக்கிறோம், பயிற்சிக்கு.
டூங்காபி ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்பது
இன்றைக்குத்தான் காதில் விழுகிறது.
மற்ற நாளெல்லாம் எக்ஸாஸ்ட் ஃபேன் விடாது.

பிலிப்பா என்று பெயர்.
ஈரக்குடையை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தவர்
படங்களைப் பரப்புகிறார்:
நிலக்கடலை, முந்திரி, பால், முட்டை,
இறால், கோதுமை, சோயா.
சீட்டு போடுவதுபோல்தான் இருக்கிறது
எள் வரும்வரை.

எள் வந்ததும்
பரஞ்சோதி அண்ணன் தலைகுனிந்து
நகத்தில் இல்லாத அழுக்கை எடுக்கிறார்.
நான் ஏழாம் மேசையைப்
பார்க்காமலிருக்கப் பார்க்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை
கடையில் எள் விழ இடமில்லை.
இரவு வீட்டுக்கு போன் செய்தபோது
இப்படியே சொல்லிவிட்டு
வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஏழாம் மேசையில் அம்மா, மகள்.
மகளுக்கு முன்பல் ஒன்று பாதி வளர்ந்திருந்தது.
"எள் சேராது இவளுக்கு" என்றார் அம்மா,
இரண்டு முறை, என் கண்ணைப் பார்த்து.
உள்ளே ஓடினேன். கேட்டேன், சத்தியமாகக் கேட்டேன்:
"அண்ணே, வத்தக்குழம்புல எள் இருக்கா?"
"வத்தக்குழம்புக்கு யாரும்மா எள் போடுவா?"
சிரித்தார். நானும் சிரித்தேன்.
யாரும் பொய் சொல்லவில்லை.
குழம்பின்மேல் விரல்கனத்துக்கு மிதந்துகொண்டிருந்தது
நல்லெண்ணெய்.

ஆறாம் வகுப்பில்
எண்ணெய் = எள் + நெய் என்று
பிரித்து எழுதி
இரண்டு மார்க் வாங்கியவள் நான்.

நாலு வாய்தான்.
"நாக்கில் முடி இருக்கு" என்றாள் அந்தப் பெண்,
வழித்து வழித்துப் பார்த்தாள்.
உதடு தடித்தது.
அம்மாவின் கை பைக்குள் போய்
பேனா மாதிரி ஒன்றோடு வந்தது.
ஜீன்ஸோடு தொடையில் குத்திப் பிடித்து எண்ணினார்:
ஒன்று, இரண்டு, மூன்று.
கடை முழுக்க அந்த எண்ணிக்கை கேட்டது.
ஆம்புலன்ஸ் வரும்வரை
முதலாளி சிற்றம்பலம் தண்ணீர்க் கூஜாவோடு நின்றார்
யாருக்கு ஊற்றுவதென்று தெரியாமல்.

பிழைத்துக்கொண்டாள்.
மறுநாள் அம்மாவே கூப்பிட்டார்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
அது என்ன எண்ணெய் என்று மட்டும் கேட்டார்,
எழுதிவைத்துக்கொள்ள.
டின்னைப் பார்த்து எழுத்தெழுத்தாகச் சொன்னேன்:
ஜின்ஜெல்லி.
அந்தப் பெயரிலும் எள் வெளியே தெரியவில்லை.

"எவ்வளவு பட்டால் ஆபத்து?" பிலிப்பா கேட்கிறார்.
என் மொழியில் அதற்கென்றே ஓர் அளவு இருக்கிறது.
எள்ளளவும் சந்தேகமில்லை,
எள்ளளவும் பயமில்லை என்று
இல்லாததைச் சொல்லவே
இத்தனை நாள் அதைப் புழங்கியிருக்கிறோம்.

பாத்திரம் கழுவும் நேபாளத்துப் பையன் சுஜன்
பக்கத்தில் முணுமுணுக்கிறான்:
"எங்க பாஷையிலும் எள்ளு தில், எண்ணெய் தேல்."
சமாதானம் சொல்கிறானோ என்னவோ.

கடைசிக் கேள்வி.
வாடிக்கையாளர் கேட்பது உங்களுக்குத் தெரியாவிட்டால்
என்ன சொல்வீர்கள்?
நாலு கட்டம். என் பேனா நிற்கிறது.
தெரியாது என்ற சொல்லே
மேசைப் பக்கம் வரக்கூடாதென்று
வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித்தந்த கடை இது.
சொல்லித்தந்தவரைப் பார்க்கிறேன்.
பரீட்சை ஹால் பையனைப்போல்
தாளைக் கையால் மறைத்துக்கொண்டு
அவரும் எழுதுகிறார்.

பரஞ்சோதி அண்ணன் எழுந்து உள்ளே போகிறார்.
பதினைந்து கிலோ டின்னை
இடுப்பில் அணைத்துத் தூக்கி வருகிறார்.
மார்க்கரை வாங்கியதும்
'நல்ல' என்பதை அடித்துவிடுவாரோ என்று நினைத்தேன்.
அடிக்கவில்லை.
பக்கத்தில் பெரிதாக எழுதினார்: எள்.
யோசித்து, மூடியிலும்.

பிறகு மறுபடி உள்ளே போய்
கரண்டியோடு வந்தார்,
பிடி தேய்ந்த நீளக் கரண்டி.
தன் ஆங்கிலத்தில் பிலிப்பாவிடம் கேட்டார்:
"மேடம், எல்லாக் குழம்புக்கும்
இது ஒண்ணுதான்.
இதில் என்ன எழுத?"